வரவு மூன்று லிட்டர், செலவு ஏழேகால்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் அங்கே கடவுள் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படி இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை சுகமாக இருங்கள். இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இப்போதுதான் பிரார்த்தனையில் உட்கார்ந்து எழுந்து வந்த கை, பொய் எழுத மறுக்கிறது. அதனால் அவர் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். பயப்படாதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதை இன்று ஒரு நாள் விட்டுவிடு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வந்திருப்பது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத ஒரு நோய். அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்திருக்கிறது, அது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டார்கள். மருந்து ஆரம்பித்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. நேற்று ஜன்னல் கொக்கியைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார், மாட்டும்போது என்னைத் திட்டவும் செய்தார், ஆகவே உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு கவலை பாக்கி. அந்த மருந்துகளில் ஒன்று, அவர் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்ற கணக்கை நம்பி நிற்கிறது. அந்தக் கணக்கில் உன் அப்பா உண்மை சொல்வாரா மாட்டாரா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் பெரிய கேள்வி. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது பின்னால் வருகிறது.

போனில் சொல்லாமல் இதென்ன பழைய காலத்துக் கடிதம் என்று கேட்பாய். அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதனைக்கு உள்ளே கூப்பிட்டபோது வாசலிலேயே நின்றுகொண்டு, குட்டிக்கு அடுத்த மாதம் உத்தியோகப் பரீட்சை, அது முடிகிறவரை போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடக்கூடாது, சத்தியம் பண்ணினால்தான் உள்ளே போவேன் என்றார். போனில் ஒரு வார்த்தை மூச்சு விடமாட்டேன் என்று கடவுள்மேல் ஆணையாகச் சொன்னேன். முப்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர், நான் சொன்னதை இன்னொரு தடவை காதில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா. சொன்ன சொல்லை நான் மீறவில்லை, போனில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. இது சரியா என்று கடவுளிடமும் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவருக்கும் உன் அப்பாவை நன்றாகத் தெரியும். அதோடு நீ தினமும் போனில் அப்பா குரல் ஏன் இளைத்திருக்கிறது என்று கேட்கிறாய், நான் ஜலதோஷம் ஜலதோஷம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே தும்மல் வருகிறது. பாலத்தில் விரிசல் இருக்கிறது, ஆனால் பரீட்சை முடிந்த பிறகு சொல்கிறோம் என்று உன் ஆபீஸில் யாராவது ஒளித்து வைத்தால் நீ சும்மா இருப்பாயா. பாலங்களைத் தட்டிப் பார்க்கிற வேலைக்கு உன்னைப் படிக்க வைத்ததே அவர்தான், இப்போது உன்னிடமே ஒளிக்கிறார்.

எல்லாம் காலில்தான் ஆரம்பித்தது. போன வருஷம் நீ வந்து போனாயே, அப்போதே படியேறும்போது பிடித்துப் பிடித்து ஏறினார், நீ கவனித்துக் கேட்டதற்கு முப்பத்து நாலு வருஷம் தெருத் தெருவாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்த கால் இது, கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்றார். வலி இரண்டு காலிலும் ஒரே இடத்தில், முழங்காலுக்குக் கீழே. நம் மருந்துக்கடை மாமா, அதுதான் என் அருமைத் தம்பி, வயசாச்சுன்னா அப்படித்தான் என்று ஒரு தைலம் கொடுத்தான். அப்பாவின் கண் இமை ஓரத்தில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக வந்தபோது கொழுப்பு என்று சொல்லி முட்டையை நிறுத்தினான். அப்புறம் தண்ணீர். குடிக்கிறார், குடிக்கிறார், குடித்துக்கொண்டே இருக்கிறார். சொம்பை வைத்த கை ஈரம் காய்வதற்குள் மறுபடி சொம்பு. குடித்த கையோடு வெளியே ஓட்டம். சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று தம்பி அடித்துச் சொன்னான். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அக்கா புருஷனுக்குச் சர்க்கரை இல்லை என்பதில் அவ்வளவு ஏமாற்றம் யாருக்கும் வந்திருக்காது.

அதன்பிறகு நம் தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் நிதானமானவர். ஒரு வாரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எழுதி எடுத்து வாருங்கள், ஐந்து லிட்டரைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மணிக்கணக்கில் தண்ணீரே கொடுக்காமல் வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டியிருக்கும் என்றார். எழுதுவது என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா. அரிசிக்கு ஒரு நோட்டு, காஸ் சிலிண்டருக்கு ஒரு நோட்டு, உனக்குப் பல் விழுந்த தேதிக்கு ஒரு நோட்டு வைத்திருப்பவள் நான். அன்றைக்கே புதுசாக ஒரு நோட்டு வாங்கி, தண்ணீர் என்று அட்டையில் எழுதி, டம்ளரை அளந்து, கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றுபோன எனக்குக் கட்டம் கட்டிக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே அப்பாவின் மீட்டர் புத்தகம்தான், உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் தூங்கும்போது அதை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம். ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்தால் அது ஒன்றும் பேசாது, போன மாத எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் வாயைத் திறக்கும் என்று அப்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

முதல் நாள் ஐந்தரை லிட்டர். இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாளிலிருந்து சரியாக மூன்று, ஒரு டம்ளர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். நன்றி சொல்லி எழுந்திருக்கும்போதுதான் பார்த்தேன், மனிதர் வெளியே ஓடுகிற ஓட்டம் மட்டும் குறையவே இல்லை. கடவுள் அற்புதம் செய்தால் முழுசாகச் செய்வார், பாதியில் விடமாட்டார் என்று ஒரு சந்தேகம் வந்தது. என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்கக்கூடாது. குளியலறையில் அளவுக்கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை வைத்து, இனிமேல் இதில்தான், டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பொய்க்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க அளந்தேன். வரவு மூன்று லிட்டர். செலவு ஏழேகால் லிட்டர்.

எந்த வீட்டில் இப்படிக் கணக்கு இடிக்கும். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், தப்பு என்னிடம் இல்லை. மறுநாள் துப்பு துலக்கினேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு பாட்டில். மாடிப்படி வளைவில் துடைப்பத்துக்குப் பின்னால் ஒரு பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலாக மாடி வீட்டுப் பாட்டு டீச்சர். ஒரே வாரத்தில் ஆறு தடவை அவள் வீட்டு ஃப்யூஸைப் பார்க்க மேலே போனாரே என்று அவளைக் கேட்டேன். ஃப்யூஸா, அதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, சார் வருவார், நாலு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார், அக்கா உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாள், சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று சொல்லிவிட்டுப் போவார் என்றாள். என் சமையலில் உப்பு தூக்கலாம். வந்த கோபத்தில் நோயைக்கூட மறந்துவிட்டேன். நேராகக் கீழே வந்து மூன்று பாட்டிலையும் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். காந்தம் வைத்து மீட்டர் ஓட்டத்தைக் குறைத்தவன், கம்பி கொடுத்து மின்சாரம் திருடியவன் என்று எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், கடைசியில் மீட்டர் பார்க்கிறவரே மீட்டரைத் திருத்தலாமா என்று கேட்டேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செலவுப் பக்கத்தை எழுதுவாய் என்று நினைக்கவில்லை என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

"ஒரு மணி நேரம் தண்ணி இல்லாம இருந்தாலே நாக்கு ஒட்டிக்குது. அங்க நாள் பூரா குடுக்காம வச்சுப் பாப்பாங்களாம். எனக்குப் பயமா இருக்கும்மா."

உன் அப்பா பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மழையில் கம்பம் சாய்ந்து கம்பி தெருவில் கிடந்தபோதுகூடச் சொன்னதில்லை. என் கோபமெல்லாம் இறங்கிப் போய், மூன்று பாட்டிலில் ஒன்றைத் திறந்து நானே அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. தண்ணீர் கொடுக்காத சோதனையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, அதற்கு அவர் என்னைப் பார்த்து, உனக்கு என்ன பந்தயமா என்றார். முடிவில் தெரிந்தது, உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும்படி மூளையிலிருந்து வர வேண்டிய ஒரு சுரப்பு வரவில்லை, அதனால் உள்ளே போனதெல்லாம் ஒழுகிப் போகிறது. அது ஏன் வரவில்லை என்று தேடினார்கள். காலைப் படம் எடுத்தால் இரண்டு எலும்பும் ஒரே இடத்தில், கண்ணாடி பார்த்துக்கொண்ட மாதிரி ஒன்றுபோலவே கெட்டித்துக் கிடக்கிறது. அந்த எலும்பில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, எங்களை ரத்த நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். உன் வயதுதான் இருக்கும், பச்சை ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சத்தமே இல்லாமல் வந்து நிற்பாள், அதனால் அப்பா அவளுக்கு ரப்பர் செருப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அவள் நோயின் பெயரைச் சொன்னாள், எர்டைம் செஸ்டர் நோய். நான்கு தடவை சொல்லச் சொல்லி எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டேன். யாரோ இரண்டு டாக்டர்கள் பெயராம். அப்பா உடனே, ஒரே நோய்க்கு இரண்டு பேர் பெயரில் கனெக்ஷனா, எங்கள் ஆபீஸில் விடமாட்டோமே என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டாள், அவருக்கு அது போதும், அன்றைய வலி பாதி போய்விட்டது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் உடம்பில் ஹிஸ்டியோசைட் என்று ஒரு செல் உண்டு. செத்த கிருமி, உடைந்த செல், கழிவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கித் தின்றுவிடுகிற வேலை அதற்கு. அந்த வேலைக்காரர்களில் சிலர் புத்தி மாறி, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், எலும்பிலும் மூளைக்கு அடியிலும் கண் இமையிலும் கூட்டமாகக் குடியேறிவிட்டார்கள். கால்வலி, தண்ணீர், மஞ்சள் திட்டு மூன்றும் இந்த ஒரே கூட்டத்தின் வேலை. என் தம்பி மூன்றுக்கும் மூன்று காரணம் சொன்னானே, அதை நான் அவனிடம் ஒரே தடவைதான் சொல்லிக் காட்டினேன், நான்கு பேர் இருக்கும்போது. இந்தப் புத்தி மாற்றத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, நன்றாகவே கேட்கிறது என்று சொல்லி டாக்டரம்மா சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். உன் அப்பா என் முழங்கையைக் கிள்ளினார், நான் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிற ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒவ்வொன்றையும் நான் தனியாக ஒரு நோட்டில் ஏற்றி வைப்பேன் அல்லவா, அவர் ஆபீஸில் வருஷா வருஷம் எடுத்தது, ரிடையரான பிறகு எடுத்தது, எல்லாம். அதில் மோனோசைட் என்று ஒரு வரி, வெள்ளை அணுவில் ஒரு வகையாம், நூற்றுக்கு எத்தனை என்று போடுவார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று, பதிமூன்று, பதினாறு. ஐந்து வருஷம், ஐந்து எண். ஒவ்வொரு சீட்டிலும் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். கேட்டால், லேசாகத்தான் ஏறியிருக்கிறது, சளி காய்ச்சல் வந்தால் இப்படி ஏறும் என்று தம்பியும் சொன்னான், ஆபீஸ் டாக்டரும் சொன்னார், லேபில் சீட்டு கொடுக்கிற பையன்கூடச் சொன்னான். ஒவ்வொருவரும் ஒரு சீட்டைத்தான் பார்த்தார்கள், தனித் தனியாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. நான்தான் ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்திருந்தேன். வித்தியாசம் என்கிற கட்டத்தில் ஒரு தடவையாவது கழித்தல் வர வேண்டாமா, வரவே இல்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன், மூன்று வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. நோட்டைத் திருப்பி டாக்டரம்மா முன்னால் வைத்து, இது மட்டும் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நோட்டைக் கையில் எடுத்தாள். முன்னால் இரண்டு பக்கம் புரட்டினாள், பின்னால் புரட்டினாள், பிறகு எழுதிய சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இதை யாரு உங்களை எழுதச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த ஹிஸ்டியோசைட் நோய் வருகிறவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு ரத்தத்திலும் ஒரு புற்றுநோய் கூடவே இருக்கிறது என்று இப்போதுதான் சில வருஷங்களாகத் தெரிய வந்திருக்கிறதாம். முன்பெல்லாம் இதை ஒரு டாக்டர், அதை ஒரு டாக்டர் என்று தனித் தனியாகப் பார்த்துவிட்டு, பாவம் ஒரே ஆளுக்கு இரண்டு கஷ்டம் என்று போய்விடுவார்களாம். உண்மையில் இரண்டும் தனித் தனியாக வந்தவை இல்லையாம். எலும்பு மஜ்ஜைக்குள் எல்லா ரத்த செல்லுக்கும் தாயாக ஒரு செல் இருக்கிறது, பல பேருக்கு அந்தத் தாய் செல்லிலேயே கோளாறு விழுந்திருக்கிறதாம், அதன் பிள்ளைகளில் ஒன்று எலும்புக்குள் போய் ஹிஸ்டியோசைட்டாகக் குடியேறுகிறது, இன்னொன்று ரத்தத்தில் மோனோசைட்டாகப் பெருகுகிறது. ஆகவே மஜ்ஜையை எடுத்துப் பார்க்காமல் மாத்திரை கொடுக்க மாட்டேன் என்றாள். ஏனென்றால் அந்த மாத்திரை ஒரு பிள்ளையை அடக்குகிற வேகத்தில் இன்னொரு பிள்ளையைத் தூண்டிவிட்டாலும் விடுமாம்.

மஜ்ஜை எடுப்பது என்றால் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுக்க வேண்டும். உன் அப்பா எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். ஏற்கெனவே காலில் துண்டு எடுத்தாயிற்று, ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதும், நான் கிளம்புகிறேன் என்றார். டாக்டரம்மா சொன்னாள், நான் கெஞ்சினேன், கேட்கவில்லை, வாசல்வரை போய்விட்டார். கெஞ்சினால் கேட்கிற மனிதரா அவர். அவர் முதுகைப் பார்த்து நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு தெருவில் இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் விளக்கு மினுக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திரும்பாமலே, கம்பத்தில் போய்ப் பார்ப்பேன் என்றார். இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுக் கம்பத்தைப் பார்க்காமல் போனால் என்றேன். அவன் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கதவுப் பிடியில் கை இருக்கிறது, கதவு திறக்கவில்லை. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, ரெண்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரா என்று கேட்டார். அவளும் வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கினவள் மாதிரி, ஆமாம் சார், அதைத்தான் திறந்து பார்க்கணும்னு சொல்றேன் என்றாள். அப்போதுதான் அந்தச் சத்தியம் வாங்கின கதை நடந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய், மோனோசைட்டில் வருவது, ஆரம்பத்தில் இருக்கிறது. டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துவிட்டது, நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். வெளியே வந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கடவுளோடு சண்டை போட்டேன். வாய்விட்டே போட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாக நட்சத்திரம் நட்சத்திரமாகக் காட்டினாயே, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.  மடியில் அந்த நோட்டு இருந்தது. யார் சொல்லி எழுதினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாளே, அது ஞாபகம் வந்தது. சரி போ, பாதிப் பொறுப்பு உன்னுடையது, பாதி என்னுடையது என்று சமாதானமாகிவிட்டேன். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனால் உன் அப்பா டாக்டரம்மாவுக்கு மின்விசிறி ஏன் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

முதலில் எழுதிய மாத்திரை இல்லாமல் வேறு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மஜ்ஜையில் தெரிந்த ஒரு மரபணு மாற்றத்துக்கு அந்த முதல் மாத்திரை தனியாக ஆகாதாம், நல்லவேளை என்று அவளே சொன்னாள். இதற்கு இதயமும் கண்ணும் அவ்வப்போது பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். அடியோடு போய்விடுமா என்று கேட்டேன். அந்த வார்த்தையை நான் கொடுக்க மாட்டேன், ஆனால் கட்டுக்குள் வைத்து நடத்தலாம், எத்தனையோ பேர் நடத்துகிறார்கள் என்றாள். பொய் சொல்லாத பெண், எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்னொன்றும் கேட்டேன், உனக்காகத்தான். இது பிள்ளைகளுக்கு வருமா என்று. வராது என்றாள். இந்த மாற்றம் பிறக்கும்போது வந்தது இல்லை, வாழ்க்கையின் நடுவில் அவருடைய மஜ்ஜையில் மட்டும் விழுந்தது, வழி வழியாக இறங்குகிற சொத்து இல்லை என்றாள். அதனால் நீ பொடிசைத் தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்க ஓடாதே. அப்பாவிடமிருந்து உனக்கு வந்ததெல்லாம் அந்த மூக்கும் பிடிவாதமும்தான், அதற்கு மருந்து கிடையாது.

தண்ணீருக்கு மூக்கில் அடிக்கிற ஒரு மருந்து. முதல் நாளே ஓட்டம் நின்றுவிட்டது. ஆனால் இதில்தான் நான் முதலில் சொன்ன கவலை. இந்த மருந்து போட்டபிறகு உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பழைய ஞாபகத்தில் சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம், வலிப்புவரை போகலாம் என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறாள். தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள், குடித்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் வியாழக்கிழமை அளவை மாற்றுவேன் என்றாள். யாரிடம் சொல்கிறாள் பார், துடைப்பத்துக்குப் பின்னால் பாட்டில் ஒளித்த மனிதரிடம். நான் எத்தனை நேரம்தான் பின்னாலேயே சுற்ற முடியும். ஒரு காய் வாங்கப் போனாலும் பாதிக் காயோடு ஓடி வருகிறேன். பாட்டு டீச்சருக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறேன், சார் வந்தால் பாட்டு மட்டும் கொடு, தண்ணீர் கொடுக்காதே என்று. அவள் பாட்டைக் கேட்டு அவரே இறங்கி வந்துவிடுகிறார்.

உனக்குச் சில விஷயம். பரீட்சையை ஒழுங்காக எழுது, எழுதிவிட்டு வா, அதற்கு முன்னால் வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துபோகும், அவர் என்னை வாழ்நாள் முழுக்க விடமாட்டார். இதைப் படித்த பிறகு போனில் அப்பா பேசினால் எதுவும் தெரியாத மாதிரி பேசு. உனக்கு நடிக்க வராது, தெரியும், பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னதற்கே சிரித்தவள் நீ, அதனால் பொடிசிடம் போனைக் கொடுத்துவிடு. மாப்பிள்ளையிடம் சொல், ஆனால் அவர் இரக்கமான குரலில் அப்பாவிடம் பேசக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல். வீட்டில் வருகிற ரத்தச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதே. நான் சொல்வது நோய் வருமென்று இல்லை, எண்ணைத் தனியாக விடாதே என்றுதான். சாப்பிடாமல் படிக்காதே.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக ஒளித்து ஒளித்து எழுதினேன். நேற்றோடு முடிந்துவிட்டது, இதோ இந்த இரண்டு வரி மட்டும் புதிது. இன்று காலை அவரைத் தூங்கச் சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸுக்குப் போய்த் தபால்தலை வாங்கி வந்தேன். காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், ஆகவே இரண்டு கத்திரிக்காயும் வாங்கிக்கொண்டேன், பொய்யாகிவிடக் கூடாதே. வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறார், பரம சாது மாதிரி. தண்ணீர் நோட்டு மேசையில் திறந்து கிடக்கிறது. அதில் என் கையெழுத்துக்குக் கீழே, அந்தக் காலத்து மீட்டர் புத்தகத்தில் எழுதுவாரே, குண்டு குண்டாக, அந்தக் கையெழுத்தில் ஒரு வரி. காலை 11.40, ஒரு டம்ளர், நீ தபால்தலை வாங்கப் போயிருந்தபோது.

கத்திரிக்காயை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். இன்றைய வரவும் செலவும் முதல் தடவையாக நேராக நிற்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பொடிசுக்கும் கடவுள் நீண்ட ஆயுளையும், கேள்வி கேட்கிற வாயையும் கொடுக்கட்டும். பரீட்சை அறைக்குள் போகும்போது வலது கால் வைத்து நுழை, இடது கையில் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள், எவ்வளவு குடித்தாய் என்று எனக்கு எழுது.

உன் பரீட்சைக்கும் அப்பாவின் வியாழக்கிழமைக்கும் சேர்த்தே பிரார்த்திக்கும்,
அம்மா
(கடிதம் ஒன்பது பக்கம், கத்திரிக்காய் இரண்டு, சத்தியம் ஒன்றும் மீறப்படவில்லை)